40 சதவீதச் சான்றிதழ் இல்லாதவருக்கு உரிமை உண்டா? ஆட்டிசம், டிஸ்லெக்சியா, ஏ.டி.எச்.டி: பள்ளியும் அலுவலகமும்

பொதுத்தேர்வு வந்தால் கூடவே ஒரு செய்தியும் வரும். இத்தனை மாணவர்கள் ‘சொல்வதை எழுதுபவர்’ துணையோடு தேர்வு எழுதினார்கள், இவர்களுக்கு 1 மணி நேரம் கூடுதல் சலுகை என்று. அதைப் படிக்கும் ஒருவர், “பையன் பார்க்க நல்லாத்தானே இருக்கான், இவனுக்கு எதுக்கு ஒரு மணி நேரம்?” என்பார். இன்னொரு வீட்டில் ஒரு அம்மா சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, “40 சதவீதம் வரலையாமே, அப்போ நம்ம பிள்ளைக்கு ஒண்ணுமே கிடைக்காதா?” என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

இரண்டு பேருக்கும் குழப்பம் ஒன்றுதான். ஒருவரின் நிலை, அதற்கு மருத்துவமனை போடும் சதவீதம், அவருக்கு வேண்டிய ஏற்பாடு ஆகிய மூன்றும் ஒரே விஷயம் என்று நினைத்துவிடுகிறோம். சட்டம் இவற்றைத் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது.

முதலில் சொற்கள்

நியூரோடைவர்சிட்டி என்ற சொல் 1990களின் பிற்பகுதியில், ஆட்டிசம் உள்ளவர்களின் இணையக் குழுக்களிலும் அவர்களைப் பற்றிய எழுத்துகளிலும் புழக்கத்துக்கு வந்தது. தமிழில் நரம்பியல் பன்மை என்று சொல்லலாம். எல்லா மூளையும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்பதுதான் அதன் பொருள். அந்தப் பன்மைக்குள், பெரும்பான்மையினரின் வழக்கத்திலிருந்து விலகிய மூளை அமைப்பு கொண்டவர்களை நியூரோடைவர்ஜென்ட் என்கிறார்கள். இது மருத்துவர் எழுதித்தரும் நோய்ப்பெயர் இல்லை, ஒரு பொதுப்பெயர். அதற்குள் அதிகம் பேசப்படுபவை மூன்று.

1. ஆட்டிசம். பிறருடன் பேசிப் பழகும் முறையிலும், ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றை உணரும் அளவிலும் வேறுபாடு இருக்கும். வழக்கம் மாறாமல் இருப்பதில் பிடிப்பு அதிகம். அமெரிக்காவில் லியோ கேனர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்து மருத்துவ உலகில் இந்தப் பெயர் நிலைத்தது.

2. டிஸ்லெக்சியாவும் அதன் உறவுகளும். வாசிப்பில் சிக்கல் என்றால் டிஸ்லெக்சியா, எழுத்தில் என்றால் டிஸ்கிராஃபியா, கணக்கில் என்றால் டிஸ்கால்குலியா. சட்டம் இவற்றைக் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்று ஒரே தலைப்பில் சேர்க்கிறது.

3. ஏ.டி.எச்.டி. கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதும், உந்துதலைக் கட்டுப்படுத்துவதும், வேலையை ஒழுங்குபடுத்துவதும் கடினம். ஓடிக்கொண்டே இருக்கும் பையன் யார் கண்ணிலும் படுவான். ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக இருக்கும் பெண்ணுக்கும் இதே நிலை இருக்கலாம், அவளை யாரும் கவனிப்பதில்லை.

ஒரே ஆளிடம் இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கும்.

இங்கே ஒரு முறையீடு. தமிழக அரசுக் கோப்புகளில் ஆட்டிசம் உள்ளவர்களைப் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று எழுதுவது வழக்கம். வெளியுலகமே தெரியாதவர்கள் என்ற எண்ணத்தை அந்தப் பெயர் தந்துவிடுகிறது. பலருக்கு நிலைமை நேர் எதிர். டியூப்லைட்டின் ரீங்காரம், சட்டைக் காலருக்குள் உறுத்தும் துணிச்சீட்டு, பக்கத்து வகுப்பில் ஒப்பிக்கும் வாய்ப்பாடு எல்லாமே ஒரே சத்தத்தில் உள்ளே வந்து விழுகின்றன. பெயரே தப்பான திசையைக் காட்டும்போது ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை.

‘கொக்கு’ என்று வாசிக்க என்ன வேலை நடக்கிறது?

ஏற்பாடு எதற்கு என்பது புரிய ஒரு சொல்லை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ‘கொக்கு’. கண் இடமிருந்து வலமாகப் போகிறது. முதலில் தென்படுவது ஒற்றைக்கொம்பு. அதற்குத் தனியாக ஒலி கிடையாது, அதை மனதில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து ‘க’. அதையும் உடனே சொல்லிவிடக் கூடாது, பின்னால் துணைக்கால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருக்கிறது. சரி, இப்போது திரும்பி வந்து மூன்றையும் சேர்த்து ‘கொ’. துணைக்கால் இல்லாவிட்டால் அது ‘கெ’. கொம்பு இரட்டையாக இருந்தால் ‘கோ’. இவ்வளவும் முதல் எழுத்துக்கு மட்டும்.

அப்புறம் ‘கு’. உகரக் குறி எல்லா எழுத்திலும் ஒரே வடிவில் ஒட்டாது. கு, சு, து, மு என்று எழுதிப் பார்த்தால் நான்கும் நான்கு விதம். ‘காகம்’ என்பதில் முதல் ககரத்துக்கு ஓர் ஒலி, இரண்டாவதற்கு வேறு ஒலி. ‘வௌவால்’ என்று எழுதும்போது ஔகாரக் குறியின் பின்பகுதிக்கும் ‘ள’வுக்கும் அச்சில் வேறுபாடே தெரியாது. ண, ன, ந மூன்றும் பேச்சில் கிட்டத்தட்ட ஒன்று.

நம்மில் பலருக்கு இரண்டாம் வகுப்புக்குள் இது தானாக ஓட ஆரம்பித்துவிடும், பிறகு கவனமே தேவைப்படாது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு அந்தத் தானியங்கி ஓட்டம் எளிதில் வருவதில்லை. எட்டாம் வகுப்பிலும் ஒவ்வொரு சொல்லையும் கூட்டித்தான் படிக்க வேண்டியிருக்கும். அறிவியல் தாளில் ஒளிச்சேர்க்கை பற்றிய கேள்விக்கு விடை அவனுக்குத் தெரியும். கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் பக்கத்து பெஞ்சில் விடையே எழுதி முடித்திருப்பார்கள். தேர்வின் நோக்கம் ஒளிச்சேர்க்கை தெரியுமா என்று பார்ப்பது. மூன்று மணி நேரக் கெடு அந்த நோக்கத்தின் பகுதி கிடையாது, நிர்வாக வசதிக்காக வைத்தது. அதைத் தளர்த்தினால் எதை அளக்க நினைத்தோமோ அதை அளக்க முடிகிறது. இதைச் ‘சலுகை’ என்று அழைக்க ஆரம்பித்த நாளிலிருந்துதான் குழப்பம். கண்ணாடி போட்டுக்கொண்டு தேர்வு எழுதுபவரைச் சலுகை பெற்றவர் என்று யாரும் சொல்வதில்லை.

சட்டம் வைத்திருக்கும் மூன்று படிகள்

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. ஆட்டிசம் இல்லை, டிஸ்லெக்சியாவும் இல்லை. 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைச் சேர்த்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலை 21 ஆக்கியது. 2017 ஏப்ரல் 19 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு இரண்டும் பட்டியலில் உண்டு. ஏ.டி.எச்.டி இன்னும் வெளியேதான் நிற்கிறது.

இந்தச் சட்டத்தைப் படிக்கும்போது கவனிக்க வேண்டிய படிகள் இவை:

1. மாற்றுத்திறனாளி. நீண்டகாலக் குறைபாடு ஒன்று, சூழலில் இருக்கும் தடைகளோடு மோதும்போது, ஒருவர் பிறருக்குச் சமமாகப் பங்கேற்க முடியாமல் போனால் அவர் மாற்றுத்திறனாளி. இந்த வரையறையில் சதவீதம் என்ற பேச்சே இல்லை.

2. வரையறுத்த அளவுக் குறைபாடு உள்ளவர். பட்டியலில் உள்ள ஒன்று, 40 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பதாகச் சான்று பெற்றவர். அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு, உயர்கல்வியில் 5 சதவீத இடம், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி ஆகியவை இந்தப் படிக்கானவை. வேலை ஒதுக்கீட்டின் 4 சதவீதத்தில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் எல்லாம் சேர்ந்து ஒரு சதவீதத்துக்குள் வருகின்றன.

3. அதிக ஆதரவு தேவைப்படுபவர். இது தனி ஏற்பாடு, இந்தக் கட்டுரைக்கு வெளியே.

‘நியாயமான ஏற்பாடு’ எந்தப் படியில் வருகிறது? முதல் படியில். பிறருக்குச் சமமாக உரிமையை அனுபவிக்கத் தேவையான, பொருத்தமான மாற்றம், செய்பவர் மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாதது என்று சட்டம் அதை விளக்குகிறது. அதைத் தர மறுப்பதும் பாகுபாடுதான் என்று வரையறைப் பகுதியிலேயே எழுதியிருக்கிறது. ஆக, 40 என்பது ஒதுக்கீட்டுக்கும் சில திட்டங்களுக்குமான வாசல். ஏற்பாட்டுக்கு அந்த வாசல் வழியாகப் போக வேண்டியதில்லை.

நடைமுறையில் எல்லா மேசையிலும் முதல் கேள்வி, “சர்டிஃபிகேட் இருக்கா? எத்தனை பர்சென்ட்?”

உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது

அந்த ஆண்டு வந்த இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படித்தால் விஷயம் தெளிவாகும்.

பிப்ரவரியில் வந்தது குடிமைப் பணித் தேர்வர் ஒருவரின் வழக்கு. எழுத ஆரம்பித்தால் கை இழுத்துக்கொள்ளும் நரம்பு நிலை அவருக்கு. மருத்துவமனை போட்ட சதவீதம் 6. எழுதித்தர ஆள் கேட்டார். விதியில் இடமில்லை என்று தேர்வாணையம் மறுத்தது. நீதிமன்றம் மேலே சொன்ன படிகளைத்தான் பிரித்துக் காட்டியது. எழுதுபவர் வசதியை 40 சதவீதத்தோடு முடிச்சுப் போட முடியாது, அது எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் உரிய ஏற்பாட்டில் சேரும் என்று தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து, பட்டியலில் உள்ள குறைபாடு 40-க்குக் கீழே இருந்து எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்கும் எழுதுபவரும் கூடுதல் நேரமும் தரும் வழிகாட்டுதலை மத்திய அரசு 2022 ஆகஸ்டில் வெளியிட்டது. அதிலும் ‘பட்டியலில் உள்ள’ என்ற நிபந்தனை இருந்ததைக் கவனிக்க வேண்டும். ஏ.டி.எச்.டி மட்டும் உள்ளவர் மறுபடியும் வாசலுக்கு வெளியே நின்றார். சட்டத்தின் முதல் வரையறையை அப்படியே எடுத்துக்கொண்டால் அவரும் உள்ளேதான் வர வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் வாசிப்பு.

நவம்பரில் வந்தது நீட் எழுதிய ஒரு மாணவியின் வழக்கு. டிஸ்கிராஃபியா, 40 சதவீதச் சான்று, எல்லாம் கையில் இருந்தன. தேர்வு மையத்தில் இருந்தவர்களுக்கு விதி தெரியவில்லை. கூடுதல் 1 மணி நேரம் தராமல், மற்றவர்களோடு சேர்த்து அவருடைய விடைத்தாளையும் வாங்கிவிட்டார்கள். மறுதேர்வுக்கு நீதிமன்றம் உத்தரவிடவில்லை. ஆனால் தனி ஒருவருக்கு நடந்த அநீதியைப் போட்டித் தேர்வில் இதெல்லாம் சகஜம் என்று தள்ளிவிட முடியாது, பரிகாரம் என்ன என்று ஒரு வாரத்துக்குள் முடிவெடுங்கள் என்று தேர்வு முகமையிடம் சொன்னது.

முதல் வழக்கில் காகிதம் போதவில்லை. இரண்டாவதில் காகிதம் இருந்தும், அறைக் கண்காணிப்பாளருக்குத் தெரியாததால் பயனில்லை.

பள்ளி: ஒரே கூரைக்குள் இருப்பது போதுமா?

ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான குழு 2016-இல் நான்கு சொற்களைப் பிரித்து விளக்கியது. பிள்ளையைச் சேர்க்காமலே விடுவது விலக்கல். தனிப் பள்ளிக்கு அனுப்புவது பிரித்தல். வழக்கமான பள்ளியில் சேர்த்து, ‘நீ எங்களுக்கு ஏற்ற மாதிரி மாறிக்கொள்’ என்பது ஒருங்கிணைத்தல். பாடம், முறை, அறை, தேர்வு ஆகியவற்றைப் பள்ளி மாற்றிக்கொள்வது உள்ளடக்கல். நம் ஊரில் உள்ளடக்கிய கல்வி என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி மூன்றாவது வகை. கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை, பக்கத்தில் பெற்றோரே சம்பளம் கொடுத்து அனுப்பும் துணை ஆசிரியர், முன்னால் வழக்கம்போல நடக்கும் பாடம்.

சட்டம் இங்கே கொஞ்சம் வழுக்குகிறது. பள்ளிகள் உள்ளடக்கிய கல்வி தருவதை அரசு ‘உறுதிசெய்ய வேண்டும்’ என்று எழுதாமல் ‘முயல வேண்டும்’ என்று எழுதிவிட்டார்கள். ஆனாலும் அதற்குக் கீழே உள்ள கடமைப் பட்டியல் தெளிவு: பாகுபாடின்றிச் சேர்ப்பது, தனிப்பட்ட தேவைக்கேற்ற ஏற்பாடு, கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரம் கண்டறிவது.

‘கூடிய சீக்கிரம்’ என்பதில் ஒரு முரண் இருக்கிறது. 2018 ஜனவரியில் வந்த மதிப்பீட்டு வழிகாட்டுதல், கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் 8 வயதுக்கு மேல்தான் தரப்படும் என்றது. 14 வயதில் ஒருமுறை, 18 வயதில் ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். 18-இல் தருவது ஆயுளுக்கும் செல்லும். காரணம் இல்லாமல் இல்லை. சின்ன வயதில் தாமதம் எது, குறைபாடு எது என்று பிரிப்பது கடினம். ஆனால் 8 வயது என்றால் மூன்றாம் வகுப்பு. அதற்குள் பிள்ளைக்கு ‘மக்கு’ என்ற பட்டம் நிலைத்துவிடும். சான்றிதழுக்குக் காத்திருக்காமல் பள்ளி செய்யக்கூடியவை உண்டு. எதற்கும் பெரிய செலவு இல்லை.

1. எல்லார் முன்னாலும் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வதை நிறுத்தலாம். வாசிப்பைத் தனியே, ஆசிரியர் மேசைக்கு அருகில் வைத்துக் கேட்கலாம்.

2. கரும்பலகையைப் பார்த்து எழுதுவது பலருக்கு மலை. ஒவ்வொரு முறை தலை நிமிரும்போதும் விட்ட இடம் தொலைந்துவிடும். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் படமெடுத்துக் கொடுத்தாலே போதும்.

3. தப்பெழுத்துக்கு இம்போசிஷன் கொடுப்பது கையைத்தான் வலிக்க வைக்கும். தப்பாகவே 50 முறை எழுதி வரும் பிள்ளை தப்பைத்தான் பழகுகிறது.

4. சேட்டைக்குத் தண்டனையாக விளையாட்டு வகுப்பைப் பிடுங்குவதை நிறுத்தலாம். ஏ.டி.எச்.டி உள்ள பிள்ளைக்கு அந்த நாளில் உடம்பு அசைய இருந்த ஒரே நேரம் அதுதான். அடுத்த பாடவேளை எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

5. நாளைக்கு ஆண்டுவிழா ஒத்திகை, வகுப்பு இல்லை என்றால் முந்தின நாளே சொல்லிவிடலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளை காலையில் கதறி அழுவதைப் ‘பிடிவாதம்’ என்று எழுதி அனுப்புகிறார்கள். அன்றைய கால அட்டவணை சொல்லாமல் மாறியதுதான் பல நேரம் காரணம்.

இதையெல்லாம் தாண்டி, வாசிக்கவே தனிப்பயிற்சி வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். அதற்குச் சிறப்பாசிரியர் வேண்டும். சென்னையில் 1990களின் தொடக்கத்திலிருந்து மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் ஆசிரியர்களுக்கு இதில் பயிற்சி தருகிறது. அரசுப் பள்ளிகளில் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளுக்கு ஒருவராகச் சுற்றிவருகிறார். உச்ச நீதிமன்ற வழக்கைத் தொடர்ந்து 2022-இல் வந்த விதி, தொடக்கப் பள்ளியில் 10 மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் நடுநிலையில் 15 பேருக்கு ஒருவர் என்கிறது. விதியில் உள்ள எண்ணுக்கும் ஊரில் உள்ள ஆளுக்கும் இடைவெளி பெரிது. எத்தனை பேர் தேவை என்று கணக்கிடக்கூட வழியில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளை எண்ணியது. அதன் 8 வகைகளில் ஆட்டிசமோ டிஸ்லெக்சியாவோ தனியாக இல்லை.

அலுவலகம்: “முடிஞ்சா இன்னைக்கு அனுப்பிடுங்க”

மேலாளர் இப்படிச் சொன்னால் அதன் பொருள் ‘இன்றே அனுப்பியாக வேண்டும்’. நம் அலுவலகத் தமிழில் ‘முடிஞ்சா’ என்பது மரியாதைக்குப் போடும் சொல், நிபந்தனை இல்லை. ஆட்டிசம் உள்ள ஊழியர் அதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறார். முடியவில்லை, அனுப்பவில்லை. மறுநாள் அவர் ‘பொறுப்பில்லாதவர்’. ‘பார்த்துக்கலாம்’, ‘கொஞ்சம் சீக்கிரம்’, ‘உங்களுக்கே தெரியும்’ எல்லாம் இதே ரகம்.

இதில் குறை யார் பக்கம்? பிரிட்டனைச் சேர்ந்த டேமியன் மில்டன், தானே ஆட்டிசம் உள்ள சமூகவியல் ஆய்வாளர், 2012-இல் இதற்கு ‘இரட்டைப் பரிவுச் சிக்கல்’ என்று பெயர் வைத்தார். ஆட்டிசம் உள்ளவருக்குப் பிறர் மனம் புரியவில்லை என்று மட்டுமே பேசிவந்தார்கள். பிறருக்கும் அவர் மனம் அதே அளவு புரிவதில்லை, புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார் அவர். ‘இன்று மாலை 5 மணிக்குள் அனுப்புங்கள்’ என்று ஒரு வரி எழுதினால் இந்த இடைவெளி அடைபடுகிறது. அது மற்ற ஊழியர்களுக்கும் நல்லதுதான்.

வேலைக்குள் நுழைவது அதைவிடக் கடினம். நேர்காணலில் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா, கேட்டதும் பதில் வருகிறதா, கலகலப்பாக இருக்கிறாரா என்று பார்க்கிறார்கள். மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலைக்கு இதில் எது வேண்டும்? டென்மார்க்கில் தோர்கில் சோனே என்பவர், தன் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு, 2004-இல் ஸ்பெஷலிஸ்டெர்னே நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே பேச்சுக்குப் பதிலாக லெகோ ரோபோவைக் கொடுத்துக் கட்டி இயக்கச் சொன்னார்கள். வேலை செய்யும் விதம் அதில் தெரிந்துவிடும். ஜெர்மனியின் மென்பொருள் நிறுவனமான எஸ்.ஏ.பி 2013-இல் அவர்களோடு சேர்ந்து, 2020-க்குள் தன் ஊழியர்களில் 1 சதவீதம் ஆட்டிசம் உள்ளவர்களாக இருப்பார்கள் என்று அறிவித்தது. பெங்களூரு அலுவலகமும் அந்தத் திட்டத்தின் தொடக்க இடங்களில் ஒன்று. வேலைக்குச் சேர்ந்தவர்கள் சில நூறு பேரைத் தாண்டவில்லை. இலக்கு எட்டவில்லை, ஆனால் நேர்காணலை மாற்றலாம் என்பது தெரியவந்தது. அதோடு ஒரு தப்பெண்ணமும் பரவியது: ஆட்டிசம் என்றால் கணினி மேதை என்று. எண்ணில் ஆர்வமே இல்லாத, செடி வளர்க்கவோ துணி தைக்கவோ விரும்பும் ஆட்டிசம் உள்ளவர் இந்தப் படத்தில் எங்கும் இல்லை.

தனியார் நிறுவனங்களுக்கு நம் சட்டம் இடும் கட்டளை மெலிந்தது. வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்ற நேரடிப் பிரிவு அரசு நிறுவனங்களைப் பற்றித்தான் பேசுகிறது. சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்பது எல்லா நிறுவனங்களுக்கும் பொது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், எந்தப் பணியிடங்கள், எப்படித் தேர்வு, என்ன வசதி என்று அதில் எழுதி, ஒரு தொடர்பு அலுவலரையும் நியமிக்க வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். ஒரு நாற்காலி விலை. அடுத்தடுத்த மீறலுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை.

கேட்பது எப்படி?

பள்ளியிலோ அலுவலகத்திலோ கேட்க வேண்டியவர்கள் செய்யக்கூடியது:

1. கடிதத்தில் நோயின் பெயரோடு நிறுத்தாமல், எந்த வேலை எதனால் கடினம் என்று எழுதவும். ‘எனக்கு ஏ.டி.எச்.டி’ என்பதைவிட ‘வாய்மொழியாக மூன்று வேலைகளை ஒன்றாகச் சொன்னால் ஒன்று விட்டுப்போகிறது’ என்பது தெளிவு.

2. வேண்டிய ஏற்பாட்டை நேரடியாகக் கேட்கவும். ‘கூட்டம் முடிந்ததும் முடிவுகளை மின்னஞ்சலில் அனுப்பவும்’, ‘நடைபாதையிலிருந்து தள்ளி இருக்கை வேண்டும்’, ‘நேர்காணல் கேள்விகளை ஒரு நாள் முன்னதாகத் தரவும்’.

3. பொதுத்தேர்வு என்றால் தலைமை ஆசிரியர் வழியாகத் தேர்வுத் துறையின் அனுமதியை முன்கூட்டியே வாங்கி, அந்த உத்தரவின் நகலைத் தேர்வு அறைக்குக் கையோடு கொண்டுபோகவும். கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்றது மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்.

4. மறுத்தால், மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் கேட்கவும். ‘அளவுக்கு மீறிய சுமை’ என்று சொல்பவர், ஏன் சுமை என்று காட்ட வேண்டியிருக்கும். பலர் எழுதச் சொன்னதும் இறங்கிவருவார்கள்.

5. அதற்கும் அசையாவிட்டால் அரசு அலுவலகங்களில் குறைதீர் அலுவலர் இருக்கிறார். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் முறையிடலாம். மனுவோடு அந்த எழுத்து மறுப்பின் நகலையும் வைக்கவும்.